இரண்டு கட்டை ஏற்றிய பாட்டு

மைக்கை யாரும் துடைப்பதில்லை, ஐயா. முப்பது பேர் வாயருகே வைத்துக் கத்திய மைக். வலைக்கம்பியில் எச்சில் காய்ந்து படிந்திருக்கும். கேக் தின்ற கையோடு அடுத்தவர் அதை வாங்கிக்கொள்வார். எங்கள் அலுவலக ஆண்டு இறுதி விருந்தில் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைப்பவன் நான் ஒருவன்தான். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் கவனக்குறைவான ஆள் இல்லை என்பதற்கு ஆதாரமாக இருக்கட்டும்.

நான் வேலை பார்ப்பது லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில், உதிரிபாகப் பிரிவில். பத்து வருடமாக விருந்தின் கரோக்கிப் பட்டியல் என் பொறுப்பு. அனிமே பாட்டுகள்தான் போடுவேன், ஜப்பான் கார்ட்டூன் தொடர்களில் வருகிறவை. மேனேஜர் முதல் மெக்கானிக் வரை அத்தனை பேரும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக்கூடக் கழற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்த தொடர்களின் பாட்டுகள். ஜப்பானிய மொழி ஒருவருக்கும் தெரியாது. திரையில் ஓடும் சொற்களை நம் எழுத்தில் தட்டி வைப்பதும் நான்தான். எதை எடுப்பது, எதை விடுவது என்பதில் எனக்கு ஒரு முறை உண்டு. நாற்பது நொடிக்குள் பல்லவி வந்துவிட வேண்டும். பாட்டே தெரியாதவனும் கத்துவதற்கு அதில் ஒரு சொல்லாவது இருக்க வேண்டும். தொடரின் முடிவில் பெயர்கள் ஓடும்போது வருகிற சோகப் பாட்டு கூடவே கூடாது. அதைப் போட்டால் எழுந்து போய்விடுவார்கள்.

கூட்டம் என்பது கண்ணுக்கு அழகான சங்கதி இல்லை. பாதி மென்ற கேக் வாய்க்குள் தெரியத் தெரியக் கத்துவார்கள். தடியன் என்று நாங்கள் கூப்பிடும் மெக்கானிக், சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு நாற்காலி மேல் ஏறிக் கையைத் தூக்குவான். அக்குள் இரண்டும் நனைந்திருக்கும். எனக்குக் குமட்டும். ஆனாலும் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். கொடுப்பேன்.

உதவி எண்ணில் பேசும் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அவளுக்குத்தான் வரும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை பேசிக்கொண்டே இருப்பாள். "பயப்படாதீங்க, நான் இங்கயேதான் இருக்கேன். மூச்சை மெதுவா விடுங்க." கதவை அடித்துக் கதறுகிறவர்கள்கூட ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடுவார்கள். அலுவலகத்தில் அவளுக்கு லிஃப்டம்மா என்று பெயர். என்னை மரியாதையாக அண்ணா என்பாள். நல்ல பெண். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

போன வருட விருந்தில் என்னை ஒரு வார்த்தை கேட்காமல், தன் போனிலிருந்து ஒரு பாட்டைப் போட்டாள். முடிவுப் பாட்டு. யாரும் கேட்டிராதது. பல்லவி வரவே ஒன்றரை நிமிடம். ஒருவரும் எழுந்து போகவில்லை. தடியன் நாற்காலியிலிருந்து இறங்கி ஒழுங்காக உட்கார்ந்தான். மேனேஜர் மூக்கைச் சிந்தினார், சிந்திய கைக்குட்டையாலேயே கண்ணையும் துடைத்துக்கொண்டார். அந்த ஈரம், அந்த உறிஞ்சல், முப்பது பேர் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்ட கண்றாவி. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் என் தோளில் தட்டி, "இனிமே பட்டியலை லிஃப்டம்மாகிட்டயே குடுத்துடலாம்யா" என்றார் மேனேஜர். விளையாட்டாகத்தான் சொன்னார், நானும் சிரித்தேன். பொறாமை என்று எழுதாதீர்கள். பத்து வருட ஒழுங்கு ஒரே நாளில் கெட்டது என்று எழுதுங்கள்.

இந்த வருடம், விருந்துக்கு மூன்று வாரம் முன்னால் உதிரிபாக அறைக்கு வந்தாள். கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் பேசினாள்.

"அண்ணா, தொண்டையில குரல் நாண்ல ஒரு கட்டி இருந்துச்சு. லீவு போட்டேன்ல, அப்ப ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க. மெதுவா பேசலாமாம். ஆனா மூணு மாசத்துக்குப் பாடவோ கத்தவோ கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு. கத்தினா புண்ணு கிழிஞ்சு குரலே போயிடுமாம்."

"ஆபீஸ்ல சொன்னியாம்மா?"

"தொண்டைக்கட்டுன்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். ஆபரேஷன்னு தெரிஞ்சா அந்த சீட்லேர்ந்து என்னைத் தூக்கிடுவாங்க. உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன். பட்டியல்ல என் பேரு மட்டும் வேண்டாம் அண்ணா."

சரிம்மா, உடம்பைப் பார்த்துக்கோ என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலமே பட்டியலைத் திருத்தினேன். கலங்கரை விளக்கத்துக்குக் கைகால் முளைத்துக் கடல் அரக்கர்களோடு மோதும் ஒரு தொடர் உண்டு. அதன் தொடக்கப் பாட்டு என்றால் கூட்டத்துக்கு உயிர். அதைக் கடைசியில் வைத்தேன். பாட்டின் முடிவில், விளக்கை ஏற்றச் சொல்லிக் காவல்காரன் மகள் ஒரே மூச்சில் பன்னிரண்டு நொடி கத்துவாள். அந்தப் பாட்டுக்கு எதிரே லிஃப்டம்மா பெயரை எழுதினேன். கரோக்கிப் பெட்டியில் சுருதியை இரண்டு கட்டை ஏற்றி வைத்தேன். அதற்கு எந்தப் பொத்தான் என்று அலுவலகத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது.

விருந்தன்று தடியனைத் தனியாகக் கூப்பிட்டு, "லிஃப்டம்மாவுக்குத் தொண்டை சரியாயிடுச்சாம், கூச்சப்படுது. நீ விட்டுடாதே" என்றேன். அவன் விடுகிற ஆளா. திரையில் பெயர் வந்ததும் மேசையைத் தட்ட ஆரம்பித்தான், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவள் முதலில் திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தொண்டையைத் தொட்டுக் காட்டி, தலையை ஆட்டிப் பார்த்தாள்.

"அட, சும்மா வாம்மா. ரொம்பத்தான் பிகு பண்றியே" என்று மேனேஜரே எழுந்து கையை நீட்டினார்.

மேனேஜர் முன்னால் அவளால் காரணம் சொல்ல முடியாது. அது எனக்குத் தெரிந்திருந்தது. சுத்தமான மைக்கை அவள் கையில் கொடுத்தேன்.

முதல் முறை தப்பித்துவிட்டாள். வரிகளை முணுமுணுத்தே கடத்தினாள். கடைசிக் கத்தலை முப்பது பேரும் சேர்ந்து கத்தியதில், அவள் வாயை மட்டும் திறந்தது யாருக்கும் தெரியவில்லை. பிறகு ஒன்ஸ் மோர் எழுந்தது. லிஃப்டம்மா மட்டும், லிஃப்டம்மா மட்டும் என்று தடியன் எல்லோரையும் கையமர்த்தினான். நான் மறுபடி போட்டேன். ஒன்பதாவது நொடியில் குரல் நின்றது. தேய்ந்து நிற்கவில்லை, ஈரத்துணியைக் கிழித்ததுபோல் நின்றது. நன்றாக இருந்ததென்று கைதட்டினார்கள். அவள் கைக்குட்டையில் துப்பி, மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டாள். நான் மைக்கைத் துடைத்தபோது துணியில் சிவப்பு ஒட்டியது. இத்தனை வருடத்தில் எனக்கு அவ்வளவு அருவருப்பு வந்ததில்லை. துணியை அப்படியே குப்பையில் போட்டுவிட்டு மூன்று தடவை கை கழுவினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: "வேலை மும்முரத்துல மறந்துட்டீங்க அண்ணா. மனசுல வெச்சுக்காதீங்க. நான்தான் முடியாதுன்னு சொல்லியிருக்கணும்." ஆமாம்மா, மறந்துதான் போச்சு என்றேன். குரல் இனி திரும்பாது என்று வெளியே நடையில் அவள் வீட்டுக்காரர் சொன்னார். சொல்லிவிட்டு, வந்து பார்த்ததற்கு என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை பிசுபிசுவென்று இருந்தது.

சிவப்புப் பொத்தானை அழுத்துகிறவர்களுக்கு இப்போது ஓர் இயந்திரம் பதில் சொல்கிறது. கதவு திறக்கும்வரை கதறிக்கொண்டேதான் இருக்கிறார்கள் என்று தடியன் சொன்னான். அவன் இப்போது யாரோடும் சரியாகப் பேசுவதில்லை.

அவள் உங்கள் விசாரணையிலும் தன் தப்புதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம். அதோடு நானும் சும்மா இருந்திருப்பேன். ஆனால் அடுத்த வருடம் முதல் கரோக்கியே கிடையாது, பொறுப்பில்லாத கூட்டம் ஒரு பெண்ணின் குரலைப் பறித்துவிட்டது என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. அது அநியாயம். அதைச் சொல்லத்தான் நானாக வந்தேன். பத்து வருடம் அவர்களுக்குப் பாட்டு பொறுக்கிப் போட்டவன் நான், அவர்களை எனக்குத் தெரியும். முதல் முறை பாடி முடித்ததும் அவள் மைக்கை என்னிடம் நீட்டிவிட்டாள். மேனேஜர் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார், பாதிப் பேர் வாசல் பக்கம் திரும்பிவிட்டார்கள். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது, ஐயா. ஒன்ஸ் மோர் என்று முதலில் கத்தியது நான்தான்.