தாலி எடுத்துக் கொடுக்கும் எம்.எல்.ஏ.

“அண்ணாச்சி, எங்க அப்பா எல்லாப் படத்துலயும் தாலிதான் எடுத்துக் குடுக்காவ!”

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பேருந்தில், முன் இருக்கைப் பெண் சலித்துக்கொண்டாள். மடியில், எம்.எல்.ஏ.வாக இருந்து மறைந்த அப்பாவின் படங்கள். பக்கத்தில், அவற்றை எடுத்த ஸ்டுடியோக்காரர்.

“கூப்பிட்ட கல்யாணத்துக்கெல்லாம் போனாவல்லா, தாயி.”

“வேற என்ன செஞ்சாருன்னு ஊரே கேக்குது. நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல அப்பா படக் கண்காட்சி. சட்டசபையில பேசுற படம் ஒண்ணுகூடவா இல்ல?”

“அங்க என்னைய யாரு விட்டா? கல்யாணத்துலதான் சனங்க மனு குடுக்கும். ஒரு கையில தாலி, மறு கையில பிளவக்கல் அணைத் தண்ணி கேட்ட மனுக்கட்டு. அதத்தான் சபையில பேசுவாவ.”

“அந்தக் கையி எங்க?”

“கல்யாணப் படத்துல மனு எதுக்குன்னு, பிரிண்ட் போடும்போது வெட்டிருவேன்.”

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டது.

“நெகட்டிவ் இருக்கா?”

“ஸ்டுடியோவுலதான் கெடக்கு.”

“எறங்குங்க. அடுத்த பஸ்ஸுல திரும்ப ராஜபாளையம் போறோம்.”