சஃபோக்கிலிருந்து வந்த பெயர்

என் அக்கா கேத்ரினுக்குச் சமையல் வராது. சோற்றைக் குழைய விடுவாள், அல்லது அடிப்பிடிக்க விடுவாள். அதனால் கிளென் வேவர்லி வீட்டில் குசினி என்னுடையது, சாப்பாட்டு மேசை அவளுடையது. அந்த மேசையில் கணினியை வைத்துக்கொண்டு, நானூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் செத்துப்போனவர்களின் மரண சாசனங்களை வாசித்துக்கொண்டிருப்பாள். நான் வெங்காயம் உரிப்பேன். இரண்டு பேருக்கும் அது நல்ல காலம்.

இதையெல்லாம் உங்களுக்கு ஆங்கிலத்திலேயே சொல்லியிருக்கலாம். முப்பது வருடம் இந்த நாட்டில் மருந்துக்கடை நடத்தியவன் நான். ஆனால் அக்காவைப் பற்றி ஆங்கிலத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை. இந்த மொழிபெயர்ப்பாளர் பிள்ளை ஆறுதலாகச் சொல்லட்டும், நீங்கள் ஆறுதலாக எழுதுங்கள். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

கிளமெண்ட் ஹாலம் என்பது என் பெயர். யாழ்ப்பாணத்துத் தமிழனுக்கு ஹாலம் என்ற பெயர் எப்படி வந்தது என்று எல்லாரும் யோசிப்பார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பதில் தயாராக இருந்தது. இருநூறு வருடத்துக்கு முன் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் நடத்த வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஹாலம். அவர் ஒரு தமிழ்ப் பெண்ணைக் கட்டினார். அவர்களுக்குப் பிறந்த சாமுவேல் ஹாலம் என் அப்பப்பாவுக்கு அப்பப்பா. அப்பா இதை எங்களுக்குச் செபம் சொல்லித் தருவதுபோலச் சொல்லித் தந்தார்.

அந்தப் பதிலின் பெறுமதி உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. எங்கள் ஊரில் புதிதாக ஒருவரைக் கண்டால், “நீங்கள் ஆர் ஆக்கள்?” என்று கேட்பார்கள். சாதியைத்தான் கேட்கிறார்கள். சிவாஜினியைக் கட்ட ஆசைப்பட்டு நான் அவள் வீட்டுக்குப் போனபோது, அவளுடைய தகப்பனார் கதிரையில் இருந்தபடி, என்னை நிற்க வைத்துக்கொண்டு அதையே கேட்டார். “நாங்கள் அமெரிக்கன் வழியில வந்தனாங்கள்” என்றேன். அவர் என் கறுத்த முகத்தை ஒருமுறை பார்த்தார். ஆனாலும் அதற்கு மேல் என்ன கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை. மற்றக் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். அந்தக் கதிரையில் இருந்தபோது எனக்கு வந்த சந்தோசம் அதற்குப் பிறகு வந்ததில்லை. சிவாஜினி கடைசிவரைக்கும் அதை நம்பித்தான் என்னோடு வாழ்ந்து, புற்றுநோய் வந்து செத்தாள்.

அவள் போனபிறகுதான் அக்கா என்னோடு வந்து இருந்து, தாயில்லாத என் மகளையும் வளர்த்தாள். கலியாணம் கட்டாதவள், ஊரில் சரித்திரம் படிப்பித்தவள், சும்மா இருக்கத் தெரியாதவள். ஹாலம் வம்சத்தைத் தேடப்போகிறேன் என்று ஆரம்பித்தாள். அமெரிக்காவில் கனெக்டிகட்டில் குடியேறிய ஹாலங்களைப் பிடித்து, அங்கிருந்து பின்னுக்குப் போய், இங்கிலாந்தில் சஃபோக் என்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அந்தக் காலத்துக் கையெழுத்து கோழி கிண்டினதுபோல இருக்கும். அதை வாசிக்க ஒரு வருடம் படித்தாள்.

தோமஸ் ஹாலம் என்ற நெசவாளியின் சாசனம் கிடைத்த நாளை நான் மறக்கமாட்டேன்.

“தம்பி, இஞ்சை கேள். ‘கடல் கடந்து போன என் மகன் சாமுவேல் உயிரோடு இருந்தால், அவனுக்கு என் இரண்டாவது நல்ல கட்டில்.’”

“முதலாவது கட்டில் ஆருக்கு?”

“பெண்சாதிக்குத்தான். வேற ஆருக்கு?”

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அக்கா ‘உயிரோடு இருந்தால்’ என்பதைத் திரும்ப வாசித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். கடலுக்கு அப்பால் பிள்ளையை அனுப்பிவிட்டு, அது இருக்கிறதா செத்ததா என்று தெரியாமல் கிடப்பது எங்கள் சனத்துக்குப் புதிதல்ல. எனக்கு அந்தத் தோமஸ் ஹாலத்தைச் சொந்தத் தாத்தா மாதிரிப் பிடித்துப்போனது. மருந்துக்கடைக்கு வருகிற வெள்ளைக்காரருக்கெல்லாம் கட்டில் கதையைச் சொன்னேன். தங்கள் தாத்தாவின் தாத்தா பெயரே தங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அன்று முழுக்க எனக்கு வயிறு நிறைந்த மாதிரி இருக்கும்.

இந்தச் சமயத்தில்தான் என் ஒரே மகள் தாரகாவுக்குக் கலியாணம் சரிவந்தது. பெடியன் கவினேஷ், ஆஸ்பத்திரியில் இருதய வைத்தியம் படிக்கிற டொக்டர். தகப்பனார் சிவபாதசுந்தரம் ஊரில் பெரிய குடும்பம். வெள்ளிக்கிழமை தவறாமல் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போகிறவர், நாள் கோள் துடக்கு தீட்டு எல்லாம் பார்க்கிறவர். அவர் என்னிடம் ஆர் ஆக்கள் என்று கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். கட்டில் வரைக்கும் சொன்னேன்.

அக்கா தன் பரிசாக ஹாலம் குடும்ப வரலாற்றை ஒரு சின்னப் புத்தகமாக அடித்து, கலியாணத்துக்கு வருகிற எல்லாருக்கும் கொடுக்கத் தீர்மானித்தாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்த அந்த மிசனரி ஹாலம்தான் இன்னும் அகப்படவில்லை. அவரைப் பிடித்துவிட்டால் புத்தகம் முடிந்தது.

நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது அக்கா குசினிக்குள் வந்தாள். அவள் குசினிக்கு வருவது அபூர்வம்.

“தம்பி, ஹாலம் எண்டு ஒரு மிசனரியும் யாழ்ப்பாணத்துக்கு வரேல்லை.”

“பேர் விடுபட்டிருக்கும் அக்கா.”

“இல்லை. வந்த ஆக்கள் எல்லாரையும் பாத்திட்டன். கனெக்டிகட்டில ஒரு ஹாலம் மனிசி இருந்திருக்கிறா. அவவின்ர ஆறு வயசு மகன் சாமுவேல் காய்ச்சலில செத்துப்போனான். அவ மிசனுக்குக் காசு அனுப்பி, ஒரு தமிழ்ப் பிள்ளையைப் படிப்பிச்சு, அதுக்குத் தன்ர பிள்ளையின்ர பேரை வைக்கச்சொல்லிக் கேட்டிருக்கிறா. வைச்சிருக்கினம்.”

அது அந்தக் காலத்து வழக்கம். மிசன் விடுதியில் ஒரு பிள்ளையின் செலவை ஏற்கிற அமெரிக்கர், தாங்கள் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்கு வைக்கலாம். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்கள் பலருடைய வெள்ளைக்காரப் பெயர் அப்படி வந்ததுதான். எனக்கும் அது தெரியும். எங்கள் பெயரும் அப்படி வந்திருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

“பிள்ளையின்ர சொந்தப் பேர் சின்னான்” என்றாள் அக்கா. “தகப்பன் பனை ஏறுறவர்.”

மொழிபெயர்ப்பாளர் பிள்ளைக்கு விளங்கிவிட்டது, முகத்தில் தெரிகிறது. நீங்களும் விளங்கிக்கொள்ளுங்கள். பனையில் ஏறிக் கள் இறக்குகிற அந்த ஆட்களைக் கோயிலுக்குள் விடாத, பொதுக் கிணற்றில் தண்ணீர் அள்ள விடாத ஊர் அது.

அக்காவின் முகம் கட்டில் கிடைத்த நாளைவிட மலர்ந்திருந்தது. அதுதான் எனக்கு விளங்கவில்லை. “எங்கட ஆளைக் கண்டுபிடிச்சிட்டன் தம்பி” என்றாள். “செத்த பிள்ளையின்ர பேரைச் சுமந்துகொண்டு, எல்லாற்ற ஏச்சையும் கேட்டுக்கொண்டு படிச்சிருக்கிறான். உந்தக் கட்டிலை விட இது பெரிசெல்லோ?”

“கலியாணம் முடியட்டும். அதுக்குப் பிறகு புத்தகத்தைப் போடுங்கோ.”

“பொய்யை அடிச்சுச் சனத்தின்ர கையில குடுக்கிறதோ? நான் மாட்டன்.”

“ஆருக்கும் சொன்னனீங்களோ?”

“முதல் அந்த மீனைப் பார். கருகுது.”

நான் ஒருமுறை கெஞ்சினேன். தாரகாவின் வாழ்க்கை என்று சொன்னேன். அக்கா என் தலையைத் தடவிவிட்டு மேசைக்குப் போய்விட்டாள். இரண்டாம் முறை கெஞ்சவில்லை. சிவபாதசுந்தரம் என்னை நிற்க வைத்துப் பார்ப்பது எனக்குக் கண்ணுக்குள் தெரிந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. நான் கோபக்காரன் அல்ல, கடையில் வேலை செய்த பிள்ளைகளைக் கேட்டுப்பாருங்கள்.

அக்காவுக்கு இருதய வருத்தம் இருந்தது. அவளுடைய குளிசைகளைக் கிழமைக்கு ஒருமுறை பெட்டியில் பிரித்து அடுக்கிக் கொடுப்பது நான். அவள் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. தம்பி மருந்துக்கடைக்காரன், எண்ணுவானேன்?

நாள்தான் பிரச்சினையாக இருந்தது. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. நாங்கள் பார்ப்பதில்லை, ஆனால் சிவபாதசுந்தரம் பார்ப்பார். துடக்குக் கழியாமல் தாலி கட்ட விடமாட்டார். மண்டபம் பிடித்தாகிவிட்டது, சமையலுக்குச் சொல்லியாகிவிட்டது. நாட்காட்டியை வைத்துக்கொண்டு பின்னுக்கு எண்ணினேன். அக்காவுக்கு இரண்டு கிழமை இருந்தது. அது போதும்.

குளிசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். அவளுக்குச் சாப்பாடு பிடிக்காமல் போனது. நான் கஞ்சி காய்ச்சி, பக்கத்தில் இருந்து பருக்கினேன். இரவில் சத்தி எடுத்தால் நான்தான் துடைத்தேன். அக்காவைக் கவனிக்கவில்லை என்று என்னை யாரும் சொல்ல முடியாது. அவ்வளவு சுகமில்லாமலும் மேசையை விட்டு எழும்பாமல் புத்தகத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

“எழுத்தெல்லாம் மஞ்சளாத் தெரியுது தம்பி.”

“பழைய கடதாசி அக்கா. மஞ்சளாத்தான் இருக்கும்.”

“சுவரும் மஞ்சளாக் கிடக்கே.”

நான் திரையின் வெளிச்சத்தைக் கூட்டிவிட்டேன். அந்தக் குளிசை கூடினால் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். படிக்கிற காலத்தில் பரீட்சைக்கு வந்த கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை கவினேஷ் மாம்பழத்தோடு வந்தான். நான் எதிர்பார்க்கவில்லை. அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து கதைத்தபடியே அவளுடைய கையைப் பிடித்தான். விரல் நாடியில் இருந்தது. கதைப்பதை நிறுத்திவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தான். நான் மாம்பழம் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைக்காமல் அடுத்த பழத்தையும் எடுத்து வெட்டினேன்.

“அன்ரி, ஹார்ட் ரேட் ஸ்லோவா இருக்கு. டொக்டரிட்டக் காட்டினீங்களா?”

“செவ்வாய்க்கிழமைக்கு நாள் எடுத்திருக்கிறன்” என்றேன் நான். எடுக்கவில்லை.

“சுவர்...” என்று அக்கா தொடங்கினாள். நான் மாம்பழத் தட்டை அவளிடம் நீட்டினேன். “சாப்பிடுங்கோ அக்கா, நல்ல இனிப்பு.” அவள் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள். கவினேஷுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. “போட்டு வாறன் அங்கிள், செவ்வாய் மிஸ் பண்ணாதேங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்றைக்கே பெட்டியில் மிச்சத்தைப் போட்டேன். திங்கட்கிழமை காலை அக்கா கதிரையில் இருந்தபடியே போனாள். நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வழமையாகப் பார்க்கிற டொக்டர் வந்து, பழைய இருதயம், வயதும் எழுபத்தைந்து என்று கையெழுத்து வைத்தார். கணினியில் இருந்த புத்தகத்தை அழித்தேன். செத்தவீட்டில் நான் அழுதது நடிப்பல்ல. எனக்கு அவளை விட்டால் யார் இருந்தார்கள்?

துடக்குக் கழிந்து கலியாணம் குறித்த நாளில் நடந்தது. நான் மகளின் கையைப் பிடித்து மண்டபத்துக்குள் கூட்டிக்கொண்டு வந்தபோது, ஒவ்வொரு கதிரையிலும் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. மட்டையில் ‘சின்னானின் பிள்ளைகள்’ என்று போட்டிருந்தது. கீழே அக்காவின் பெயர்.

“கேத்ரின் மாமி எனக்குத்தான் அப்பா முதல் சொன்னவ” என்று தாரகா என் காதுக்குள் சொன்னாள். “உங்களுக்குச் சொல்ல முதலே புத்தகத்தை எனக்கு அனுப்பிட்டா, நான்தான் அடிப்பிச்சனான். ஐ வாஸ் ஸோ ப்ரவுட், அப்பா.” அவள் கண் கலங்கியிருந்தது. நான் நடந்துகொண்டிருந்தேன்.

சாப்பாட்டு நேரம் சிவபாதசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி என்னிடம் வந்தார். அவர் கையிலும் புத்தகம் இருந்தது. “என்ன மனிசன் அந்தச் சின்னான்! எங்கட ஆக்கள் அந்தச் சனத்துக்குச் செய்த அநியாயத்துக்கு நாங்கள்தான் உங்களிட்ட மன்னிப்புக் கேக்கவேணும்” என்றார். “உங்கட அக்கா எனக்கு முதலே சொல்லிப்போட்டா. ‘தம்பி நொந்துபோவான், அவனுக்கு நான் மெல்லமாச் சொல்லுறன், அதுவரைக்கும் நீங்கள் வாய் திறவாதேங்கோ’ எண்டவ.” என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிறகு அவர் ஒரு கதிரையில் இருந்துகொண்டார், நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் தன் பக்கத்துக் கதிரையைக் காட்டினார். எனக்கு இருக்க மனம் வரவில்லை.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். கடைசி நாட்களில் மாமிக்குச் சுவரெல்லாம் மஞ்சளாகத் தெரிந்ததாம், தொலைபேசியில் சொன்னவ என்று தாரகா ஏதோ கதையில் கவினேஷிடம் சொல்லியிருக்கிறாள். அவன் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பியிருக்கிறான். இப்போது நீங்கள் அக்காவைத் தோண்டி எடுத்துப் பார்த்துவிட்டீர்கள். உங்களிடம் வந்து சொன்னது என் மகள்தான் என்பதும் எனக்குத் தெரியும். நேர்மையான பிள்ளை. அக்காவின் வளர்ப்பு.

ஆம், அக்காவை நான்தான் கொன்றேன். ஏன் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். மகளுக்காக. அவளுக்கும் அவளுடைய புகுந்த வீட்டுக்கும் இந்த விசயம் தெரியவரக்கூடாது என்பதற்காக. அவர்களுக்கு முதலே தெரியும் என்பது வேறு கதை. எல்லாருக்கும் சொன்ன அக்கா எனக்குத்தான் கடைசியாகச் சொல்லியிருக்கிறாள், நான் நொந்துபோவேன் என்று பயந்து. எத்தனையோ சாசனத்தைப் பிழையில்லாமல் வாசித்தவள், என்னைப் பற்றி நினைத்தது மட்டும் பிழை. எனக்கு நோகவே இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.