ஓடாத எஞ்சினுக்கும் காவல் இருந்தவர்

மேடையில் வீற்றிருக்கும் பொறியாளர் ஐயா அவர்களே, பம்ப் நிலையத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்தவரின் துணைவியாரான எங்கள் அக்காவே, தாழ்வான நம் தெருக்களிலிருந்து திரண்டு வந்திருக்கும் உறவுகளே!

இறந்தவருக்கு நெருக்கமானவர்கள்தான் இப்படிப்பட்ட கூட்டத்தில் பேசுவார்கள். நானோ அவர்மீது புகார் எழுதிக் கொடுத்தவள். அதை மறைத்து அவரைப் புகழ்ந்துவிட்டு இறங்க எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளநீர் இறைக்கும் நிலையத்தின் தலைமை மெக்கானிக்; நம் எல்லோருக்கும் ‘சனிக்கிழமை அண்ணன்’. ஏன் அந்தப் பெயர்? சனிக்கிழமை காலை ஒன்பது மணி அடித்தால் இரண்டு டீசல் பம்புகளும் உறுமும். ஒரு சொட்டு மழை இல்லாத மாதத்திலும் உறுமும்! முக்கால் மணி நேரம்! விடைத்தாள் திருத்த உட்காரும் பள்ளி ஆசிரியை நான். புகை நேராக என் ஜன்னலுக்குத்தான் வரும். “சனிக்கிழமைதோறும் எங்களுக்குச் சனி பிடிக்கிறது” என்று எழுதி, நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கினேன். கையெழுத்துப் போட்டவர்களே, தலைகுனிய வேண்டாம். எழுதியவள் நான்.

புகாரின் பேரில் அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது: மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓட்டினால் போதும், டேங்கில் பாதி டீசல் இருந்தால் போதும்.

இரண்டு மாதம் கழித்து அண்ணன் என் வாசலில் நின்றார். கையில் ஒரு கண்ணாடி பாட்டில்.

“சனி பிடிக்குதுன்னு எழுதியிருந்தீங்களே டீச்சர், வயிறு வலிக்கச் சிரிச்சேன். இதைக் கொஞ்சம் பாருங்க.”

மேலே டீசல். அடியில் ஒரு விரல் அளவுக்குத் தண்ணீர்.

“டீசல்ல தண்ணி எப்படி வந்துச்சு?”

“டேங்க் பாதி காலியா இருந்தா உள்ள இருக்கற காத்து வேர்த்து, தண்ணியா இறங்கிடும். டீசல் கெட்டு, கசடு சேர்ந்து, ஃபில்டரை அடைக்கும். அதான் முன்ன எப்பவும் நிரப்பி வெப்பேன்.”

“சரி, அதுக்கு முக்கால் மணி நேரம் ஓட்டணுமா?”

“அஞ்சு நிமிஷத்துல எஞ்சின் சூடே ஏறாது டீச்சர். எரியாத டீசலும் கரியும் உள்ளயே படிஞ்சிடும். தொட்டித் தண்ணியையாவது நெசமாவே இறைச்சு ஓடினாத்தான் சுத்தமாகும், பேட்டரியும் சாகாது. இல்லேன்னா வேணுங்கறப்போ கையை விரிச்சிடும்.”

எனக்குப் புரிந்தது. புகாரைத் திரும்பப் பெற்றேனா? இல்லை! வீம்பு!

எட்டு மாதம் கழித்து, அந்த மழை. முற்பகல் பதினொரு மணிக்குத் தெரு முழுக்கத் தண்ணீர். முதல் பம்ப் ஓடத் தொடங்கியது. இரண்டாவது இரண்டு முறை இருமி நின்றுவிட்டது. என் வீட்டில் தண்ணீர் முழங்காலைத் தாண்டியது. படுத்த படுக்கையாக இருந்த என் அம்மாவைக் கட்டிலோடு தூக்கிப் பிடித்து நின்றோம். அங்கே நிலையத்தில் அண்ணன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, அடைத்துப்போன ஃபில்டரைக் கழற்றி மாற்றி, டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி, இருபத்தைந்தே நிமிடத்தில் அந்த பம்பை எழுப்பினார். என் அம்மா பிழைத்தாள்.

விசாரணை நடந்தது. பொறியாளர் ஐயா, நீங்கள்தான் கேட்டீர்கள், இரண்டாவது பம்ப் ஏன் நின்றது என்று. தண்ணீர் புகுந்த தெருவின் சார்பில் நானும் அந்த அறையில் இருந்தேன். என் பெயர் வரும் என்றே காத்திருந்தேன்.

“ஃபில்டரை முன்னாடியே மாத்தியிருக்கணும் சார். என் தப்புதான்.”

இவ்வளவுதான் சொன்னார்! புகாரைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? உத்தரவைப் பற்றி உண்டா? ஓராண்டு ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். வாய் திறக்காமல் ஏற்றுக்கொண்டார். நானும் வாய் திறக்கவில்லை, ஐயா. மறுவாரம் புகாரை மட்டும் திரும்பப் பெற்றேன். உண்மையை இன்றுதான் சொல்கிறேன். அக்கா, உங்கள் வீட்டுக்காரர் செய்த தப்பு அல்ல அது. என்னுடையது. என்னை மன்னித்துவிடுங்கள்.

அவர் போய் மூன்று வாரம் ஆகிறது. எப்போதோ ஓடும் பம்புக்கு நிரந்தர மெக்கானிக் எதற்கு என்று அலுவலகத்தில் பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். ஐயா, இத்தனை பேர் முன்னிலையில் கேட்கிறேன்: அவர் இடத்துக்கு ஆள் போடுவீர்களா? அந்த விசாரணைக் குறிப்பைத் திருத்துவீர்களா? ஆள் வரும்வரை டேங்கையும் பேட்டரியையும் பார்த்துக்கொள்ள நிலையத் தோழர்கள் முறை போட்டுவிட்டார்கள். அவர்களுக்குத் துணையாக எங்கள் தெரு நிற்கும். இது நாங்கள் அண்ணனுக்குக் கொடுக்கும் வாக்கு.

தலையசைக்கிறீர்களா, ஐயா? நன்றி. ஆனால், எழுந்து வந்து இந்த ஒலிபெருக்கியில் வாயாலும் சொல்லுங்கள். அக்கா கேட்கட்டும்.