எட்டுப் பட்டைக் குழல்

தேநீரை ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், சார்ஜன். இந்தக் குளிரில் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் இரண்டு நிமிடத்தில் பச்சைத் தண்ணீராகிவிடும். கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம். உள்ளே மருமகன் தூங்குகிறார்.

நீங்கள் காட்டிய அந்த உடைந்த இரும்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "கைப்பழக்கம் இல்லாதவன் அராவியிருக்கான், ஒரு பக்கம் மெலிஞ்சு போச்சு" என்றீர்கள். தானே அராவியதாக மருமகன் லோகேஸ்வரனும் ஆஸ்பத்திரியில் உங்களிடம் சொல்லியிருக்கிறார். லோரி ஓட்டுகிறவர். அரத்தை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே அவருக்குத் தெரியாது. மாமியாரைப் போலீஸ் இழுத்துப் போகக்கூடாது என்று சொன்ன பொய். நல்ல பிள்ளை.

அராவியது நான். இந்தத் தோட்டத்து வெர்க்‌ஷாப்பில் முப்பத்தொரு வருடம் கொழுந்து வெட்டும் கத்தரிகளுக்கு அரம் பிடித்தவள். வேலாயி கை பட்ட கத்தரியை ஆபீஸ் கிராணி சோதித்துப் பார்த்ததில்லை.

போன வருடம் எனக்கு வேலை ஓய்வு. குடும்பத்தில் ஒருவர் பெயராவது தோட்டத்தில் இருந்தால்தான் இந்த லயத்து வீடு நம்முடையது. என் மகள் சசிரேகா கொழுந்துக்குப் போவதால் வீடு எங்களிடம் இருந்தது.

அப்போதுதான் மருமகன் அந்தக் குழலோடு வந்தார். துரைமார் காலத்துத் துப்பாக்கிக் குழல். வெளியே எட்டுப் பட்டை.

"அத்தை, கூட்டாளி துப்பாக்கிக் கட்டை செதுக்கிக் குடுத்துட்டான். இது அதுல உக்கார மாட்டேங்குதுலா. அடிப்பக்கத்த மட்டும் உருண்டையாக்கிக் குடுங்களேன்."

"எதுக்கு மாப்பிள்ளை உங்களுக்கு இந்த வேலை?"

"திரிங்காப்புல காய்கறித் தோட்டம் போட்டுருக்கற சீன மொதலாளி தவுக்கேக்கு. பன்னி வந்து சக்கரவள்ளிய எல்லாம் நோண்டிப் போடுதாம். இத முடிச்சுக் குடுத்தா ஜொகூர்ல அவரு தம்பிகிட்ட லோரி ஓட்டுற வேலை வாங்கித் தர்றேன்னாரு. நீங்களும் வந்துருங்க அத்தை. அங்க குளிரே இல்ல. உங்க முட்டி வலி ஓடியே போயிரும்."

"அந்த வெக்கையில மனுஷி இருப்பாளா?"

சசி சிரித்தாள். "அம்மாவ விடுங்க. தேயிலைச் செடியையும் லோரியில ஏத்துனாத்தான் வரும்."

அவள் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. ஜொகூர் என்றதும் சிரிக்கிறாள்.

இரண்டு நாள் வேலை. நான் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டேன். மேலே தெரியும் பட்டைகளைத் தொடவில்லை. விளிம்புகூட மழுங்காமல் வைத்தேன். கட்டைக்குள் மறையும் அடிப்பக்கத்தை, இடது கை தாங்கும் அந்த ஒரு சாண் நீளத்தை மட்டும் அராவினேன். நகத்தால் தட்டினால் இரும்பு பதில் சொல்லும், சார்ஜன். முதல் நாள் கிழவன் குரல். ஒன்பதாம் நாள் சின்னப் பிள்ளை குரல். அங்கே நிறுத்திக்கொண்டேன். கைப்பழக்கம் இல்லாதவனுக்கு அங்கே நிறுத்தத் தெரியாது.

கொல்ல நினைக்கவில்லை. மகள் தாலியோடு இருக்க வேண்டும் என்று நினைக்காத தாய் உண்டா? ஒரு கை போதும். ஒற்றைக் கையால் லோரி ஓட்ட முடியாது.

கொடுக்கும்போது, தவுக்கே கையில் சிக்கி அந்நிய மனிதருக்கு ஏதாவது ஆகிவிடக்கூடாதே என்ற பயம் மட்டும் இருந்தது.

"மொதக் குண்ட நீங்களே சுட்டுப் பாத்துருங்க மாப்பிள்ளை. அடுத்தவங்களுக்குக் குடுக்கறதுக்கு முந்தி நம்ம பாக்கணும்."

சசி பக்கத்தில்தான் நின்றாள்.

"அத்தைக்கு எல்லாத்துலயும் ஒரு முறை" என்று அவர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை திரிங்காப்பில் சுட்டுப் பார்த்திருக்கிறார். நான் ரசம் தாளித்துக்கொண்டிருந்தேன். அங்கே வெடித்தால் இங்கே கேட்காது. ஆனாலும் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இடது கை மணிக்கட்டோடு போயிற்று. கண் இரண்டும் போனது நான் நினைக்காதது. அதற்காக வருத்தப்பட்டேன். கோயிலில் சொல்லி அழுதேன்.

மற்றபடி இப்போது குறை ஒன்றும் இல்லை. ஜொகூர்ப் பேச்சு நின்றுவிட்டது. கண்ணில்லாதவரை வைத்துக்கொண்டு சசி எங்கே போவாள்? அவள் பெயர் தோட்டத்தில் இருக்கிறது, வீடும் இருக்கிறது. என்னோடு அதிகம் பேசுவதில்லை. மலையேறி இறங்கிய அலுப்பு.

நீங்கள் எழுதிக்கொண்டதில் கோணல் வேலை என்று இருந்தால் அடித்துவிடுங்கள். மற்றதெல்லாம் உள்ளபடியே இருக்கட்டும். மகளிடம் கேட்க வேண்டுமானாலும் கேளுங்கள். அவள் என்னைத் தப்பாகச் சொல்லமாட்டாள். தினமும் நான் ஆக்கிய சோற்றைப் பிசைந்து, ஊட்டுவதற்கு முன்னால் தன் வாயில் ஒரு பிடி போடுகிறாள். கொஞ்ச நேரம் அப்படியே காத்திருக்கிறாள். அப்புறம்தான் அவருக்கு.

"ஏன்டி, அவரு பசியோட இருக்காருல்ல?" என்றேன் நேற்று.

"அடுத்தவங்களுக்குக் குடுக்கறதுக்கு முந்தி நம்ம பாக்கணும்லம்மா" என்றாள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

நான் சொன்ன வார்த்தையை ஒன்றுகூட மாற்றாமல் வைத்திருக்கிறாள், சார்ஜன். அப்படி வளர்த்திருக்கிறேன்.

என்ன, தேநீரைக் குடிக்கவே இல்லையே?