கீறல் விழாத வெள்ளைக் குழாய்

எங்கள் பந்தல்குடிப் பக்கத்து வெயிலுக்கு ஓர் ஓஸ் பைப் ஒரு வருஷம் தாங்கினாலே பெரிய விஷயம், அய்யா. எங்கள் இட்லி மாவுக் கம்பெனிச் சுவரில் நான் மாட்டியது வாங்கி மூன்றாவது வருஷம். இன்றைக்கும் கடையிலிருந்து இப்போதுதான் வந்ததுபோல இருக்கிறது. அதற்கு நான்தான் காரணம் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

அதற்கு முன்பு இருந்த குழாயை எல்லோரையும் போல நானும் புழங்கத்தான் விட்டேன். கிரைண்டர் கழுவ, அரிசித் தொட்டிக்குத் தண்ணீர் பிடிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். சோதனைக்கு வந்த உணவுத்துறை அதிகாரி அதை வளைத்துப் பார்த்து வெடிப்பு என்றார். உள்ளே விரலை விட்டார்; கறுப்பாகப் பாசி வந்தது. வேலை செய்யும் பெண்கள் அத்தனை பேரும் பார்க்க, "நீயெல்லாம் ஒரு சூப்பர்வைசரா?" என்று கேட்டுவிட்டு அதைக் கத்தியால் அறுத்துப் போட்டார். காடு கரை உள்ள குடும்பத்துப் பிள்ளை நான். மானம் போய்விட்டது.

அப்புறம்தான் யோசித்தேன். புழங்கினால்தானே பழுதாகும்? உணவுக்கென்றே செய்த வெள்ளைக் குழாய் ஒன்றை மதுரையிலிருந்து வரவழைத்து, பாலிதீன் உறையோடு சுவரில் மாட்டினேன். ஆயுதபூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதும் உறைமேல்தான். அடுத்த சோதனையில் அதே அதிகாரி உறையைக் கழற்றித் தடவிப் பார்த்து, "குழாய்னா இப்படி இருக்கணும்" என்றார். அவர் விரல் பட்ட இடத்தை, அவர் போனதும் துடைத்தேன்.

கழுவவும் தண்ணீர் பிடிக்கவும் வேறொரு பழைய குழாய் ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் அது வெடித்துவிட்டது. எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. கம்பெனிக்குச் செலவு வைக்காமல், என் பருத்திக்காட்டில் பூச்சிமருந்து அடிக்கிற குழாயைக் கொண்டுவந்து கொடுத்தேன். முந்தின நாள்தான் மருந்து அடித்திருந்தேன். உள்ளே கொஞ்சம் தங்கியிருக்கும். தண்ணீரைத் திறந்துவிட்டால் வெளியே போய்விடும் அல்லவா?

மாவு அரைக்கிற வெள்ளைத்தாய் அன்று சாயங்காலமே என்னிடம் வந்தாள்.

"அண்ணே, மாவுல மருந்து வாடை அடிக்குது. அந்தப் புதுக் குழாயத்தான் எடுத்துக் குடுங்களேன்."

"அது சோதனைக்கு உள்ளது தாயி. அதுல தண்ணி விட்டா அது என்னத்துக்கு ஆகும்?"

"அப்ப திங்கிற சனம் என்னத்துக்கு ஆகும்?"

வாய் கொஞ்சம் அதிகம் அவளுக்கு. ஆனால் பொய் சொல்கிறவள் இல்லை. எனக்கும் மூக்கு இருக்கிறது. இருந்தாலும் சோதித்துப் பார்க்காமல் ஒரு பொருளை மோசம் என்பது நியாயமா? ஒரு தூக்கு நிறைய மாவை அவளிடம் கொடுத்து, "வீட்டுல தோசை சுட்டுத் தின்னு பாத்துட்டுச் சொல்லு" என்றேன்.

காலையில் அவள் புருஷன் கருத்தப்பாண்டிதான் போன் செய்தான். அவளை ஆம்புலன்ஸில் மதுரைக்குக் கொண்டுபோவதாகச் சொல்லி அழுதான். வேறு எதையாவது தின்றிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். தொட்டியில் மாவு பொங்காமல் அப்படியே கிடந்தது. சோடா உப்பைப் போட்டுப் பொங்கவைத்து, பாக்கெட் போட்டு, திருச்சுழிக்கு லோடு ஏற்றி அனுப்பினேன். அவள் வழியிலேயே போய்விட்டாள் என்ற செய்தி அதற்கப்புறம்தான் வந்தது. வண்டியைத் திருப்பச் சொல்லியிருக்கலாம். சொன்னால் காரணம் கேட்பார்கள்.

தினமும் இரண்டு பாக்கெட் வீட்டுக்கு எடுத்துப்போகிறவன் அன்று ஏன் எடுத்துப்போகவில்லை என்று கேட்கிறீர்கள். அன்று எங்கள் வீட்டில் உப்புமா. நான்தான் போன் செய்து சொன்னேன். ஆமாம் அய்யா, தெரிந்துதான் அனுப்பினேன். திருச்சுழியில் ஆறு பேர் என்கிறீர்கள். வருத்தம்தான்.

ஒன்றுதான் மனசு கேட்கவில்லை. உங்கள் போலீஸ்காரர் சுவரில் இருந்த வெள்ளைக் குழாயையும் மடக்கி ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். மடக்கினால் வெடிப்பு விழும். வெயில் படாத இடமாகப் பார்த்து மாட்டச் சொல்லுங்கள். அந்தக் குழாயால் இதுவரை ஒருத்தருக்கும் ஒரு வயிற்றுவலிகூட வந்ததில்லை.