தாய்க்கும் பிள்ளைக்கும் மட்டும்

— டி.என்.ஏ. சோதனை ரெண்டு விதமாம். தாயும் பிள்ளையும் மட்டும் செய்யிறது ஒண்டு, தகப்பனையும் சேர்த்துச் செய்யிறது மற்றது. மூண்டு பேரும் குடுத்தால் ஐமிச்சத்துக்கே இடமில்லையாம். நான் மூண்டு பேருக்கும்தான் எழுதப்போறன்.

— என்னை விடு, கிறேஸ்.

— என்னெண்டு விடுறது? நீங்கள்தானே தகப்பன். ஊசி குத்துறேல்ல. கன்னத்துக்குள்ள பஞ்சால தடவி எடுப்பினமாம், அவ்வளவுதான்.

— உன்ரயை மட்டும் குடு. அது காணும்.

— உங்களுக்கு அந்தப் பிள்ளையில நம்பிக்கை இல்லை.

— அது பாவம், நல்ல பிள்ளை. அதை நான் ஒண்டும் சொல்லேல்ல.

— பிறகென்ன? சுனாமிக்குப் பிறகு நிலாவெளி முகாமில, ஆரும் கேட்டு வராமல் நிண்ட மூண்டு வயசுப் பிள்ளையைத்தான் தூக்கிக்கொண்டு போனன் எண்டு, பஹ்மியாவை வளர்த்த உம்மா பரீதாவே சாகேக்க சொல்லியிருக்கிறா. எங்கட நிரோஷினிக்கும் அப்ப மூண்டு வயசு. நாங்கள் இருந்தது இறக்கக்கண்டி. எவ்வளவு தூரம், சொல்லுங்கோ?

— அண்டைக்கு எத்தினை பிள்ளையள் அப்பிடி நிண்டதுகள்.

— பஹ்மியான்ர காதைப் பாத்தனீங்களோ? உங்கட அம்மான்ர காது.

— காதை வைச்சு என்னத்தைச் சொல்லுறது.

— அதுக்குத்தானே இஞ்ச வந்து இருக்கிறம். பதினொரு மணிக்கு கிண்ணியா பஸ்ஸில வந்திடுவாள், அதுக்கு முன்னம் பேப்பரை நிரப்பவேணும். உங்கட அடையாள அட்டையைத் தாங்கோ. வந்ததில இருந்து யன்னலுக்குள்ளால துறைமுகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள். இதில வந்து இருங்கோ.

— வீட்ட போவம், கிறேஸ்.

— இருபத்தொரு வருசம். கோயிலில செத்த ஆக்களுக்கு மெழுகுதிரி கொழுத்தேக்க நான் எழும்பி வெளியில வந்திருவன், என்ர பிள்ளை சாகேல்லையெண்டு. நீங்களும் ஒண்டும் கதையாமல் எனக்குப் பின்னால வருவீங்கள். இப்ப அவள் தானா வந்து நிக்கிறாள், நீங்கள் வீட்ட போவம் எண்டுறீங்கள். அவள் உங்களுக்கு வேண்டாமோ?

— இல்லையெண்டு பேப்பர் வந்தால் நீ தாங்கமாட்டாய்.

— இல்லையெண்டு வராது.

— வரும்.

— அது உங்களுக்கு என்னெண்டு தெரியும்? என்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ.

— மூண்டாம் நாள் நான் அவளைக் கண்டனான்.

— ஆரை?

— எங்கட பிள்ளையை. நீ கால் முறிஞ்சு ஆசுப்பத்திரியில கிடந்தனி. அவள் உப்பளத்துப் பக்கம், முள்ளுக்கம்பியில. வைச்சிருக்க ஏலாது எண்டிட்டினம். நான்தான் தூக்கிக் குடுத்தனான். குழிக்குள்ள தாட்டுப்போட்டு நேரா உன்னட்டத்தான் வந்தனான். பிள்ளை கிடைச்சிட்டாளோ எண்டு கேட்டாய். தேடுறம் எண்டு வாயில வந்திட்டுது. பிறகு அதை மாத்த ஏலாமல் போச்சு.

— நீங்கள் முகாம் முகாமாத் தேடினனீங்கள். ரெண்டு மாசம்.

— ஒரு முகாமுக்கும் போகேல்ல. கடற்கரையில இருந்திட்டு, பொழுதுபட வருவன்.

— பொய்.

— மாதாவாணை. நீ அந்த நாளைக் கதைக்க வெளிக்கிட்டால் நான் எழும்பிப் போறது இதாலதான்.

— முகத்தைப் பாத்தனீங்களோ?

— அதைக் கேளாத.

— பாத்தனீங்களோ?

— முகமெண்டு ஒண்டும் இருக்கேல்ல. சட்டையாலதான் தெரிஞ்சுது. நத்தார்ப் பெருநாளுக்கு நான் வாங்கிக் குடுத்த சிவப்புச் சட்டை, கழுத்தில வெள்ளைப் பூத் தைச்சது.

— அந்தச் சட்டையோ?

— ஓம். என்ர கையால எடுத்த சட்டை எனக்குத் தெரியாதோ?

— அந்தச் சட்டை தானோ? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ.

— அதுதான், கிறேஸ். எழும்பு. அந்தப் பிள்ளைக்கு ஒரு போன் எடுத்து, வரவேண்டாம் எண்டு சொல்லுவம்.

— கடல் வந்த அண்டைக்குக் காலமை, நீங்கள் சந்தைக்குப் போனாப்பிறகு, பக்கத்து வீட்டுக் கீர்த்தனி அந்தச் சட்டை வேணுமெண்டு அழுதுகொண்டு வாசலில நிண்டவள். நான்தான் எங்கட பிள்ளையிட்ட இருந்து கழட்டி, அவளுக்குப் போட்டுவிட்டனான்.