தீவு முங்கட்டும்

ஹலோ... ஹலோ, லால்பீபி மதினியா? நான்தான், ஸர்பானு... எந்த ஸர்பானுவா? உங்க புருசன் கூடப்பொறந்தவ, ஊர்ல மிச்சமிருக்கிற ஒரே நாத்தனா. மஸ்கட் போய் நாலு வருசத்துல குரலும் மறந்துபோச்சாக்கும்... ஆமா, ஆமா, கரகரங்கும். மொட்டை மாடியில நின்னு பேசுறேன், கீழ சிக்னல் கிடையாது... மெல்லத்தான் பேசுவேன். படகுத் தலைவரு நகுதா வீட்டு முத்தம் நேர் கீழ தெரியுது, அவங்களுக்கும் காது இருக்கு.

விசயத்தைக் கேளுங்க. தீவு போயிருச்சு!... எந்தத் தீவா? மதினி, பூகம்பம் அன்னைக்கு நம்ம ஊருக்கு எதுத்தாப்புல கடல்லேருந்து எந்திரிச்சு வந்துச்சே, சேத்துத் தீவு... ஆமா, ஆமா, பசங்க தீக்குச்சி கிழிச்சுப் போட்டதும் வாயு குப்புன்னு பத்திக்கிச்சே, அதேதான். முங்கிருச்சு. வியாழக்கிழமை உச்சந்தலை மட்டும் தெரிஞ்சுது. இன்னைக்குக் காலையில அதுவும் இல்ல, வெறும் தண்ணி...

அதுக்குப் போய் போன் பண்ணணுமாவா? உங்க மவன் தாதுவுக்கு நகுதா சகிதாத் மவ துர்தானாவைக் கேட்டு நான் போனேனே, அவரு என்ன சொல்லி அனுப்பினாரு?... அதான்! 'தீவு முங்கட்டும், வாங்க'ன்னாரு. பொண்ணு தரமாட்டேன்னு நக்கலாச் சொல்றாருன்னு அண்ணன் கோவத்துல அந்த மாசமே படகை வித்து, இனி இந்தப் பலூச்சுக் கரையில தண்ணி குடிக்க மாட்டேன்னு மவனையும் கூட்டிக்கிட்டு ஏறினாரே. இப்ப மாட்டிக்கிட்டாரு மனுசன்! சொன்ன சொல்லை மாத்துவாரா நகுதா? கிளம்பி வாங்க எல்லாரும்...

ஹலோ? இருக்கீங்களா?... சரி.

இதைக் கேளுங்க, சிரிப்பு வரும். நாலு வருசமா நகுதா வாரம் தவறாம படகெடுத்துப் போயி, தீவைச் சுத்தி ஈயக்குண்டு கட்டின கயித்தை விட்டு ஆழம் பாப்பாரு. 'ராசா சீமையை அளக்கப் போறாரு'ன்னு நான்தான் பேரு வச்சேன்... நீங்க போன பிறகு கராச்சியிலேருந்து ஒரு ஆராய்ச்சிக்காரத் தம்பி வந்தான். சேத்தையும் வாயுவையும் போத்தல் போத்தலாப் புடிச்சான். சாப்பாடு நம்ம வீட்லதான். விடுவேனா, குடைஞ்சு எடுத்துட்டேன்... கடலுக்கு அடித் தரை நம்ம தரைக்குக் கீழ நுழைஞ்சுக்கிட்டே இருக்காம், வருசத்துக்கு ரெண்டு விரக்கடை... ஆமா, இப்பவும்தான், நாம பேசுறப்பவும்தான். ஈரச் சேறோட நுழையுதா, துவைச்ச துணியை முறுக்கினாப்புல பிழியுதாம். பிழிஞ்ச தண்ணிக்குப் போக்கிடம் வேணுமே? பாறையில வெடிப்பு இருக்கு, ஆழத்துலேருந்து கடல் தரை வரைக்கும். அது வழியாக் கசிஞ்சு ஏறுது, வாயுவும் கூடவே... ஆமா, நம்மாளுக கடல்ல வரிசையாக் குமிழி வருதும்பாங்கள்ல, அது வெடிப்பு போற தடம்தானாம். வழி அடைச்சுக்கிட்டா உள்ளுக்குள்ளயே முட்டிக்கிட்டு நிக்கும். பூமி ஆடிச்சுன்னா வாய் தொறந்து, சேத்தையும் தூக்கிக்கிட்டு வெளிய வந்துரும். அப்புறம் தண்ணி வடிய வடிய மேடு அமுங்கும், மிச்சத்தை அலை தின்னும்னான். உடனே, அவனைப் படகுல கூட்டிப் போயிட்டு வந்த நகுதா குறுக்க விழுந்து, 'சீக்கிரம் அமுங்க வழி உண்டா தம்பி?'ன்னு கேட்டாரு பாருங்க! சோத்துத் தட்டை வச்சுட்டு எல்லாரும் சிரிச்சோம்.

இன்னைக்கு அவரு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறாங்க. துர்தானாதான் மட்டையைப் புடிச்சிருக்கா, முழங்கை வரைக்கும் வெள்ளை...

என்ன?... யாருக்கு?

எப்ப?... ரெண்டு மாசமா? தாதுவுக்கு நிக்காஹ் முடிஞ்சு ரெண்டு மாசமா?... பொண்ணு?... அங்க மஸ்கட்ல, மத்ராவுலயேவா... நம்ம பலூச்சு ஆளுகதானா... சரி... சரி... நான் அத்தை மதினி! சொந்த அத்தைக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?... என் வாயா? என் வாய்க்கு என்ன?... ஊருக்கே தெரிஞ்சுரும்னா தெரியட்டுமே, கல்யாணந்தானே பண்ணீங்க, களவா பண்ணீங்க?

...அண்ணனே சொல்ல வேணாம்னுட்டாரா. சரி. நல்லா வாழட்டும்... அழல, தூசி. இங்க சுண்ணாம்புத் தூசி.

இல்ல, சந்தோசந்தான். கொஞ்சம் பொறுத்திருக்கலாமேன்னு... ஆமா, நகுதாதான் தரமாட்டேன்னாரு... ஆமா, ஆமா, நான்தான் வந்து சொன்னேன்...

அது அப்படி இல்ல மதினி.

இன்னைக்குக் காலையில நகுதா நம்ம வாசல்ல வந்து நின்னாரு. வெள்ளைச் சட்டை, புதுத் தலப்பா. வாக்குல மாட்டிக்கிட்டவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு பாக்க ஆசை ஆசையாக் கதவைத் தொறந்தேன். மனுசன் சிரிக்கிறாரு! 'தங்கச்சி, புண்ணு ஆறிப்போச்சு. உன் அண்ணனுக்குச் சொல்லு. நாலு வருசமா ஒரு சேதி இல்லையே, என் மேல கோவமா?'ன்னு கேக்குறாரு...

எந்தப் புண்ணா? பூகம்பத்துல மலைப்பக்கம் அவரு பொண்டாட்டியோட அண்ணன் குடும்பமே வீட்டுக்கடியில போச்சே, எட்டு மவுத்து. நான் பொண்ணு கேட்டுப் போனது ஆறாம் நாளு... ஆமா, அவசரந்தான், யாரு இல்லேன்னா? காலையில அவரே சொல்லித்தான் தெரியும், அன்னைக்கு அவரு சொன்னது என்னன்னா, 'தீவு முங்கட்டும், வாங்க. பூமி இன்னும் வீங்கிக் கெடக்கு, இது அடங்காம கல்யாணப் பேச்சு வேணாம். எங்கப்பா காலத்துலயும் இப்படி ஒண்ணு வந்து மூணு வருசத்துல போயிருச்சு. பொண்ணு உங்களுக்குத்தான்.'

...ஆமா. உங்களுக்குத்தான்னு.

...கேக்கல மதினி. முத வார்த்தை மட்டுந்தான் காதுல விழுந்துச்சு. தீவு முங்கட்டும்னதும் எனக்குச் சிரிப்பு தாங்கல. வந்து சொல்லணும்கிற பரபரப்பு, அவரு பொண்டாட்டி செருப்பை மாத்திப் போட்டுட்டு ஓடியாந்தேன். மீதியை என் முதுகுக்குப் பின்னால சொல்லியிருக்காரு. நான் தலையாட்டிட்டுப் போறேன்னு நெனச்சுக்கிட்டாரு... 'கடல் வத்தினாத்தான் பொண்ணு'ன்னு அன்னைக்கு வந்து சொன்னேனே, அதுவா? அது... அது நான் சேத்துக்கிட்டது. சொல்றப்ப நல்லா வந்துச்சு.

...திட்டுங்க. ஆமா. ஆமா... துர்தானாவா? பாஸ்னி ஊரு வாத்தியாரு கேட்டு வந்தாரு, மாட்டேன்னுட்டா. ரெண்டு படகுக்காரன் வீட்லேருந்து வந்தாங்க, மாட்டேன்னுட்டா. 'தீவுக்கு வாக்கப்பட்டவ'ன்னு ஊரே கேலி பண்ணுச்சு... ஆமா, அந்தப் பேரும் நான் வச்சதுதான். அப்பன் ஒவ்வொரு தடவையும் ஆழம் பாத்துட்டு வந்ததும் கரையில நின்னு எவ்வளவுன்னு கேப்பா. எனக்கு என்ன தெரியும், எதுக்குக் கேக்குறான்னு?

அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க. காலைப் புடிச்சுக் கேக்குறேன்... பக்கத்துலயா இருக்காரு?... ஸ்பீக்கர்லயா? முதலேருந்தா?... தாதுவும் கேட்டுக்கிட்டா இருக்கான்? தாது, கண்ணு, அத்தை வேணும்னு பண்ணலடா, அத்தை வந்து...

ஹலோ? ஹலோ?

வச்சுட்டாங்க.

...யாரு? துர்தானாவா!... ஆமா மவளே, மஸ்கட்டுதான். தாதுவோட அம்மாதான்... இல்ல, இல்ல, லைன்லதான் இருக்காங்க. நீ ஏறி வராத, கையெல்லாம் சுண்ணாம்பு, அங்கேயே நில்லு...

ஹலோ, மதினி? கேக்குதா?... ஆமா... ஆமா, அவதான், கீழ நிக்கிறா, இங்கயே பாத்துக்கிட்டு... தாதுவா? நல்லா இருக்கானா?... ஓ, லீவு கிடைக்கணுமா... ஆமா, ஆமா... சொல்றேன், சொல்றேன்... அவசரமில்ல மதினி, மெல்ல வாங்க... அவ இருப்பா.